வெட்டிய காட்சிகளுக்குத் துணுக்கு எழுதுவது எப்படி? மப்பெட் ஷோ குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

மப்பெட் ஷோ என்ற பழைய தொலைக்காட்சிப் பொம்மை நிகழ்ச்சியை வைத்துத் துணுக்குக் கேள்விகள் எழுதுவது, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் குழுவின் வேலை. இந்தக் குழுவுக்கு ஒவ்வொரு பள்ளி விடுமுறையிலும் புதிதாகச் சிலர் வந்து சேர்கிறார்கள். படிவம் நான்கு மாணவர்கள் வருகிறார்கள், செம்பனை ஆலையில் வேலை பார்க்கும் அண்ணன்மார் வருகிறார்கள், ஓய்வுபெற்ற கிராணி ஐயாக்களும் வருகிறார்கள். வந்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "வெட்டுன காட்சிகளைப் பத்தி நானும் எழுதலாமா?"

தாராளமாக எழுதலாம். நிகழ்ச்சியில் இருப்பதைப் பற்றி ஆயிரம் பேர் கேள்வி எழுதிவிட்டார்கள். இல்லாமல் போனதைப் பற்றி எழுத இன்னும் ஆள் வேண்டும். ஆனால் குழுவின் நோட்டில் எந்தத் துணுக்கு ஏறும், எது ஏறாது என்பதற்கு ஒரே ஒரு விதி இருக்கிறது. "இந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள்" என்று மட்டும் எழுதினால் அது ஏறாது. எந்தப் பிரதியில் அது இல்லை, எந்தப் பிரதியில் இருக்கிறது, இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் ஏறும். கீழே சொல்லப்போவது எல்லாமே இந்த விதியை நடைமுறையில் காப்பாற்றும் வழிகள்தான்.

முதல் படி: நிகழ்ச்சியின் அடிப்படை

மப்பெட் ஷோ 1976 முதல் 1981 வரை ஐந்து சீசன் ஓடியது. சீசனுக்கு 24 எபிசோட், மொத்தம் 120. உருவாக்கியவர் ஜிம் ஹென்சன், அமெரிக்கர். அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் கைவிரித்துவிட்டன. பிரிட்டனில் தொலைக்காட்சி நிறுவன அதிபர் லூ கிரேட் பணம் போட முன்வந்தார். அதனால் அமெரிக்கக் குழு லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவுக்குப் போய் நிகழ்ச்சியைப் படம்பிடித்தது. இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டு விஷயத்தில் வரும் குழப்பத்தில் பாதி, நிகழ்ச்சி ஒரே நேரத்தில் இரண்டு நாட்டுக்கும் சொந்தமாக இருந்ததால் வந்தது.

கதை எளிது. ஒரு பழைய நாடகக் கொட்டகை. கெர்மிட் என்ற தவளை அதை நடத்துகிறது. வாரம் ஒரு பிரபலம் விருந்தாளியாக வருவார். மேடையில் பாட்டு, ஆட்டம், குட்டி நாடகம். மேடைக்குப் பின்னால் மிஸ் பிக்கியின் சண்டை, ஃபாஸி கரடியின் பதற்றம், கொன்ஸோவின் விபரீத ஆசைகள். மாடத்தில் ஸ்டாட்லர், வால்டார்ஃப் என்று இரண்டு கிழவர்கள் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் கிண்டல் அடிப்பார்கள்.

பொம்மைகள் இயங்கும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊர்ப் பொம்மலாட்டத்தை நினைத்துக்கொண்டு சிலர் "நூலை இழுத்து ஆட்டுவார்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே நூல் கிடையாது. ஆட்டுகிறவரின் வலது கை பொம்மையின் தலைக்குள் இருக்கும். இடது கையால் பொம்மையின் கையை இயக்குவார். கெர்மிட்டுக்கும் மிஸ் பிக்கிக்கும் கையில் மெல்லிய கம்பி இணைத்திருப்பார்கள். ஃபாஸிக்கும் சமையல்கார பொம்மைக்கும் உள்ளே மனிதக் கையே இருக்கும். அந்தச் சமையல்காரருக்கு மட்டும் வெறும் மனிதக் கைகள் வெளியே தெரியும். தலையை ஹென்சன் ஆட்ட, கைகள் பெரும்பாலும் அவருடைய சக கலைஞர் ஃபிராங்க் ஆஸுடையவை. அரங்கத்தைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டியிருந்தார்கள். ஆட்டுகிறவர்கள் கீழே நின்றுகொண்டு, கேமரா காட்டுவதைச் சின்னத் திரையில் பார்த்துக்கொண்டே ஆட்டினார்கள். மப்பெட்டுகள் பல இடது கைப் பழக்கம் உள்ளவைபோலத் தெரிவது, பொம்மையின் கையை ஆட்டுகிறவர் தன் இடது கையால் இயக்குவதால்தான்.

இரண்டாம் படி: வெட்டுகளை வகை பிரியுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். புதியவர்கள் "வெட்டிய காட்சி" என்று ஒரே பெயரில் கொண்டுவருவது, கிட்டத்தில் பார்த்தால் நாலைந்து விதமான சங்கதியாக இருக்கும்.

ஒன்று, இரண்டு நிமிட வித்தியாசம். அமெரிக்க நிலையங்கள் அரை மணி நேரத்துக்குள் பிரிட்டனைவிட அதிக விளம்பரம் போட்டன. ஆகவே ஒவ்வொரு எபிசோடுக்கும் சுமார் இரண்டு நிமிடம் கூடுதலாக ஒரு பாட்டோ குட்டி நாடகமோ எடுத்து, அதைப் பிரிட்டனுக்கான பிரதியில் மட்டும் சேர்த்தார்கள். ரசிகர்கள் இதை "யூகே ஸ்பாட்" என்கிறார்கள். உண்மையில் இது வெட்டே இல்லை. அமெரிக்கப் பிரதிக்கு வேண்டாம் என்று தெரிந்தே எடுத்த துண்டு. அதனால் பெரும்பாலும் விருந்தாளியையும் மேடைக்குப் பின்னால் நடக்கும் கதையையும் தொடாமல் தனியாக நிற்கும். எடுத்துவிட்டாலும் எபிசோடில் ஓட்டை தெரியாது.

இரண்டு, பாட்டு உரிமையால் போனவை. 1970களில் ஒரு பாட்டைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பத்தான் அனுமதி வாங்கினார்கள். அதே பாட்டை வட்டில் போட்டு விற்க வேண்டுமென்றால் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பதிப்பாளர் என்று உரிமை உள்ளவர்களிடம் மறுபடி அனுமதி வாங்க வேண்டும், காசும் கொடுக்க வேண்டும். மப்பெட்டுகளை டிஸ்னி 2004இல் வாங்கியது. 2005இல் முதல் சீசன் டிவிடி வந்தபோது பல பாட்டுகள் அதில் இல்லை. இது முழு அர்த்தத்தில் வெட்டுதான். ஒளிபரப்பில் இருந்தது, வட்டில் இல்லை. பாட்டு எபிசோடின் கதையோடு கோத்திருந்தால், எடுத்த இடத்தில் தையல் தெரியும். அதைக் கண்டுபிடிக்கும் விதத்தை நாலாம் படியில் சொல்கிறேன்.

இரண்டாம் சீசன் டிவிடி 2007இலும், மூன்றாம் சீசன் 2008இலும் வந்தன. நாலாவதும் ஐந்தாவதும் முழுச் சீசன் டிவிடியாக வரவேயில்லை. "நாலாவது சீசன் டிவிடியில் வெட்டியது" என்று யாராவது துணுக்கு கொடுத்தால் உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மூன்று, எபிசோடே இல்லாமல் போவது. 2021 பிப்ரவரி 19 அன்று டிஸ்னி பிளஸ்ஸில் நிகழ்ச்சி வந்தபோது, அமெரிக்காவில் புரூக் ஷீல்ட்ஸ் விருந்தாளியாக வந்த எபிசோடும், கிறிஸ் லாங்கம் வந்த எபிசோடும் பட்டியலில் இல்லை. இரண்டும் ஐந்தாம் சீசன். சில எபிசோடுகளின் தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கைக் குறிப்பும் சேர்த்தார்கள். அந்தக் குறிப்பைப் பார்த்தவுடன் "இதில் வெட்டியிருக்கிறார்கள்" என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குறிப்பு வேறு, வெட்டு வேறு. குறிப்பு உள்ள எபிசோடு முழுதாகவும் இருக்கலாம்.

நாலு, உள்ளூர் நிலையத்தின் கைவேலை. நிகழ்ச்சி நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. விளம்பர நேரமோ செய்தி நேரமோ பார்த்து, எந்த நாட்டு நிலையமும் தன் வசதிக்கு நறுக்கியிருக்க முடியும். அப்படிப்பட்ட வெட்டு அந்த ஒளிபரப்புக்கு மட்டும் உரியது. அதை நிகழ்ச்சியின் மேல் ஏற்றக் கூடாது.

அப்புறம், வெட்டே இல்லாமல் வெட்டு என்று பெயர் வாங்கியவை. தொடர் தொடங்கும் முன் 1974இலும் 1975இலும் இரண்டு முன்னோட்ட நிகழ்ச்சிகள் அமெரிக்காவின் ஏ.பி.சி. நிலையத்தில் வந்தன. முதலாவதை நடத்துவது வாலி என்ற பொம்மை. இரண்டாவதை நடத்துவது நைஜல். கெர்மிட் தலைமை ஏற்றது தொடர் வந்தபிறகுதான். இந்த முன்னோட்டங்களிலிருந்து ஒரு துண்டைப் பார்த்துவிட்டு "கெர்மிட்டை வெட்டிவிட்டார்கள்" என்று ஒரு தம்பி ஓடி வந்தார். அந்த மாதிரி நேரத்தில் கடிந்துகொள்ளாமல், இரண்டும் வேறு வேறு நிகழ்ச்சி என்று காட்டி, அதையே ஒரு நல்ல கேள்வியாக எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: பிரதி அட்டை

பார்க்கத் தொடங்கும் முன் ஓர் அட்டை எழுதுங்கள். பள்ளி நோட்டுத் தாளில் பாதி போதும். எபிசோடின் விருந்தாளி பெயர், சீசன், பிரதி எந்த வகை (கேசட், டிவிடி, இணைய ஒளிபரப்பு), எந்த நாட்டுப் பிரதி, வெளிவந்த ஆண்டு, முதல் படம் தோன்றுவது முதல் கடைசி எழுத்து மறைவது வரை ஓடும் நேரம். நேரத்தைக் கைப்பேசியில் நீங்களே பிடியுங்கள். உறையில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம், அங்கே பெரும்பாலும் முழு எண்ணாக்கிப் போடுவார்கள்.

நேரம் பற்றி ஒரு விளக்கம் வேண்டியிருக்கிறது. நம் நாட்டிலும் பிரிட்டனிலும் பழைய தொலைக்காட்சி 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறையில், வினாடிக்கு 25 படம். அமெரிக்காவில் என்.டி.எஸ்.சி. முறை. திரைப்படத்தை பால் முறைக்கு மாற்றினால் சற்று வேகமாக ஓடி, நூற்றுக்கு நாலு பங்கு நேரம் குறையும். இதைக் கேள்விப்பட்டவர்கள், மப்பெட் ஷோ பிரதிகளின் நேர வித்தியாசத்துக்கும் அதையே காரணம் சொல்கிறார்கள். இந்த நிகழ்ச்சியோ நேராக வீடியோ நாடாவில் பதிவானது. வீடியோவை ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் ஓடும் நேரம் அப்படியே இருக்கும். ஆகவே இரண்டு பிரதிக்கு நடுவில் ஒன்றரை, இரண்டு நிமிடம் குறைந்தால் எதுவோ உண்மையாகவே இல்லை என்று அர்த்தம். தேடத் தொடங்கலாம்.

நாலாம் படி: தையலைக் கண்டுபிடிப்பது

இரண்டு பிரதியும் கையில் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். பெரும்பாலும் ஒரு பிரதிதான் இருக்கும். அப்போது காதையும் கண்ணையும் நம்ப வேண்டியதுதான்.

முதலில் காது. இந்த நிகழ்ச்சியில் பார்வையாளர் கூட்டம் நேரில் உட்கார்ந்து சிரிக்கவில்லை. சிரிப்பும் கைதட்டலும் பின்னால் சேர்த்தவை. ஒரு பாட்டு முடிந்தால் கைதட்டல் எழும், மெல்ல அடங்கும், அதன்மேல் அடுத்த காட்சி தொடங்கும். காட்சியை எடுத்துவிட்டால் அந்தக் கைதட்டல் நடுவில் முறிந்து, திடீரென்று அமைதியாகும், அல்லது எதற்கு என்று தெரியாமல் தொடங்கும். சத்தத்தைக் கூட்டிவைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை முழு எபிசோடையும் கேளுங்கள். நான் புதியவர்களுக்கு முதலில் கொடுக்கும் பயிற்சி இதுதான். படம் பார்க்காமல் கேட்டால் முறிவு பளிச்சென்று பிடிபடும்.

அடுத்து கெர்மிட். மேடை நிகழ்ச்சி எதுவானாலும் அவர்தான் பெரும்பாலும் திரைக்கு முன் வந்து அறிமுகம் செய்வார். அறிமுகம் செய்தது வரவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். அறிமுகமே இல்லாமல் ஒன்று வந்தாலும் சந்தேகப்படுங்கள். மூன்றாவது, மாடத்துக் கிழவர்கள். அவர்கள் திட்டுவது அதற்கு முன் நடந்ததையே. ஸ்டாட்லர் ஒரு பாட்டைக் குறை சொல்கிறார், நாமோ பாட்டு எதையும் கேட்கவில்லை என்றால், போன துண்டு அங்கே இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

நாலாவது தடயம் எனக்கு மிகவும் பிடித்தது. எபிசோடின் முடிவில் விருந்தாளியும் பொம்மைகளும் மேடையில் கூடி விடைபெறுவார்கள். அந்த ஒரு காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கெர்மிட்டுக்குப் பின்னால் யார் யார் நிற்கிறார்கள்? விருந்தாளி என்ன உடை போட்டிருக்கிறார்? எபிசோடு முழுக்க எட்டிப்பார்க்காத ஒரு பூதமோ கோழியோ அங்கே நிற்கும். விருந்தாளி நாம் பார்க்காத ஓர் உடையில் இருப்பார். அது மட்டுமே ஆதாரம் ஆகாது, ஏனென்றால் சும்மா கூட்டத்துக்காகவும் பொம்மைகளை நிறுத்துவார்கள். ஆனால் கைதட்டல் முறிவும், கிழவர்களின் பேச்சும், இந்த உடையும் ஒரே திசையைக் காட்டினால், "இங்கே ஒரு துண்டு இல்லை" என்று தைரியமாக எழுதலாம். அந்தத் துண்டு என்ன என்பதை இன்னொரு பிரதியில் பார்க்கும்வரை எழுத வேண்டாம்.

யூகே ஸ்பாட்டுக்கு இந்தத் தடயம் எதுவும் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தனியாக நிற்பதற்கென்றே எடுத்த துண்டு அது. அதற்கு நேரக் கணக்குதான் வழி.

ஐந்தாம் படி: தனித் துண்டு கிடைத்தால்

சில நேரம் யாரோ பதிவு செய்த நாடாவில் தலையும் வாலும் இல்லாமல் ஐந்து நிமிடம் இருக்கும். எந்தச் சீசன் என்று பிடிக்கச் சில அடையாளங்கள்: தொடக்கப் பாட்டின் முடிவில் கொன்ஸோ, நிகழ்ச்சிப் பெயரில் உள்ள ஓ எழுத்தைச் சேகண்டிபோல் அடித்தால் முதல் சீசன். ஊதுகொம்பு ஊதினால் இரண்டாவதோ அதற்குப் பிறகோ. தொடக்கப் பாட்டுக்கு முன்பே ஸ்கூட்டர் என்ற பொம்மை விருந்தாளியின் ஒப்பனை அறைக் கதவைத் தட்டினால் இரண்டு முதல் நாலு வரை. வாசலில் பாப்ஸ் என்ற கிழக் காவல்காரர் விருந்தாளியை யார் என்று விசாரித்தால் ஐந்து. விண்வெளிப் பன்றிகள் என்ற குட்டி நாடக வரிசை தொடங்கியது இரண்டாம் சீசனில். ஆய்வுக்கூடக் காட்சிகளில் பீக்கர் என்ற உதவியாளர் பொம்மை வந்து அடிவாங்கத் தொடங்கியதும் அப்போதுதான். மிஸ் பிக்கியின் குரல் வித்தியாசமாகக் கேட்டால் முதல் சீசனாக இருக்கலாம், அந்தச் சீசனில் சில இடங்களில் ஃபிராங்க் ஆஸுக்குப் பதிலாக ரிச்சர்ட் ஹன்ட் அவளை ஆட்டினார்.

ஆறாம் படி: பழைய கேசட்டைக் கையாள்வது

நம் ஊரில் இது தனிப் பாடம். தோட்டத்து லயத்து வீடுகளை விட்டுத் தாமான் குடியிருப்புக்குக் குடிமாறும்போது, பரணில் இருந்த கேசட் பெட்டிகள் வெளியே வருகின்றன. எண்ணெய்ச் சட்டியோடும் பழைய பாயோடும் சேர்ந்து அவையும் குப்பைக்குப் போகும். யாராவது வீடு மாறுகிறார்கள் என்று தெரிந்தால் போய்க் கேளுங்கள்: "அக்கா, பழைய வீடியோ கேசட் ஏதும் இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, நாங்க பாத்துட்டுத் திருப்பித் தர்றோம்." திருப்பித் தருகிறோம் என்று சொன்னால் கண்டிப்பாகத் திருப்பிக் கொடுங்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணமும் அதே நாடாவில் இருக்கக்கூடும்.

கேசட் கிடைத்தவுடன் பிளேயரில் போடாதீர்கள். முன்பக்கக் கண்ணாடிச் சன்னல் வழியாக நாடாச் சுருளை வெளிச்சத்தில் பாருங்கள். சுருளின் விளிம்பில் வெள்ளையாகப் பொடியோ சிலந்தி வலைபோல் படலமோ இருந்தால் அது பூஞ்சணம். லிந்தாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிற நாடாவில் இது சர்வ சாதாரணம், நம் ஊர்ப் புழுக்கம் அப்படி. பூஞ்சணம் பிடித்த நாடாவை ஓட்டினால் நாடா கிழியலாம், பிளேயரின் படிக்கும் தலை அழுக்காகும், அதற்குப் பிறகு போடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சணம் தொற்றும். அதைத் தனிப் பையில் போட்டுக் கட்டி, ஈப்போவில் நாடா சுத்தம் செய்யத் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரிக்கலாம். வீட்டில் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டாம்.

சுத்தமாக இருந்தால், முதலில் முதுகுப் பக்கம் இடது ஓரத்தில் சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடைத்துவிடுங்கள். அது போய்விட்டால் தவறுதலாகக்கூட மேலே பதிவு செய்ய முடியாது. பிறகு ஒரு முறை முன்னால் கடைசிவரை ஓட்டி, பின்னால் சுற்றி, அதன்பின் பாருங்கள். ஓட்டும்போது விளம்பரங்களைத் தாண்டிப் போகாதீர்கள். நாடா எந்த ஆண்டு, எந்த நிலையம் என்று சொல்வது பெரும்பாலும் அந்த விளம்பரமும், நடுவில் வரும் செய்தி அறிவிப்பும்தான். அட்டையில் அவற்றையும் எழுதுங்கள். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த கேசட் என்றால் நம் பழைய பிளேயர்கள் பலவற்றில் படம் உருளும், கறுப்பு வெள்ளையாகத் தெரியும். நாடா கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், முறை வேறு, அவ்வளவுதான்.

ஏழாம் படி: பெரியவர்களின் ஞாபகம்

தோட்டத்து மண்டபத்தில் ஒரே ஒரு டிவிப் பெட்டி, அதற்கு முன்னால் பாய் விரித்து ஊரே உட்கார்ந்த காலத்து ஆட்கள் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை மரியாதையோடு எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஞாபகம் என்று தலைப்பிட்டுத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள், துணுக்கு நோட்டில் எழுதாதீர்கள்.

கேட்கும் முறை முக்கியம். "தாத்தா, அந்தப் பூதம் பாட்டுப் பாடுற காட்சியை நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார், நம்மை ஏமாற்ற மனம் வராது. "தாத்தா, நீங்க பாத்ததுல எது ஞாபகம் இருக்கு? அதுக்கு முன்னாடி என்ன வந்துச்சு?" என்று கேளுங்கள். அவராகச் சொல்லட்டும். இடையில் பெயர் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

சொன்னதைச் சரிபார்க்க நம் நாட்டு வரலாறே உதவும். எடுத்துக்காட்டாக, "எழுபத்தேழுல தோட்டத்துல பாத்தேன், பன்னி ஊதாக் கையுறை போட்டிருந்துச்சு" என்று ஒருவர் சொன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இங்கே கலர் ஒளிபரப்பு தொடங்கியது 1978 டிசம்பரில். அதன் பிறகும் பல வீடுகளில் வெகுகாலம் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். அவர் நிகழ்ச்சியைப் பார்த்திருக்கலாம், ஊதா நிறத்தைப் பிற்காலத்தில் வேறு எங்கோ பார்த்திருப்பார். ஞாபகம் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிறது. இதை அவரிடம் வாதாட வேண்டியதில்லை. குறிப்பில் "நிறம்: பிற்காலத்தது" என்று எழுதினால் போதும்.

எட்டாம் படி: கேள்வி எழுதுவது

இப்போது எழுதலாம். ஒரு துணுக்குக்கு நாலு வரி. கேள்வி, விடை, எந்தப் பிரதியில் இல்லை, எந்தப் பிரதியில் பார்த்தீர்கள். கடைசி இரண்டு வரி இல்லாத தாளை நான் வாங்குவதில்லை, எழுதியவர் யாராக இருந்தாலும் சரி.

"ஏன்" என்று தொடங்கும் கேள்வி வேண்டாம். ஏன் எடுத்தார்கள் என்பதற்கு உரிமைக்காரர்களே பல நேரம் வாய் திறப்பதில்லை. நாம் ஊகித்து எழுதினால், அடுத்த மாதம் அது உண்மையாகப் பரவிவிடும். இல்லை என்பதைச் சரிபார்க்க முடியும், ஏன் இல்லை என்பதைப் பெரும்பாலும் முடியாது. பாட்டு உரிமை போன்ற பொதுக் காரணத்தைப் பொதுவாகச் சொல்லலாம், குறிப்பிட்ட ஒரு பாட்டின் தலையில் ஆதாரம் இல்லாமல் கட்ட வேண்டாம்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு புதியவர் இப்படி எழுதியிருந்தார்: "டிஸ்னி மறைத்துவிட்ட எபிசோடு எது?" இதில் நாடு இல்லை, ஆண்டு இல்லை, மறைத்தது என்ற தீர்ப்பு மட்டும் இருக்கிறது. உட்கார்ந்து திருத்தினோம்: "2021 பிப்ரவரியில் அமெரிக்க டிஸ்னி பிளஸ்ஸில் மப்பெட் ஷோ வந்தபோது ஐந்தாம் சீசனில் இரண்டு எபிசோடுகள் இல்லை. அதில் ஒன்றின் விருந்தாளி, அந்த நிகழ்ச்சிக்கே எழுதிக்கொண்டிருந்தவர். ரிச்சர்ட் பிரையர் வர முடியாமல் போனதால் கடைசி நேரத்தில் மேடை ஏறினார். யார்?" விடை கிறிஸ் லாங்கம். இப்போது விடை தெரியாதவருக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கிறது, தெரிந்தவருக்கு ஒரு கதையும் கிடைக்கிறது. மனத்தில் நிற்பது இந்தக் கதைதான்.

விடை ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். "டிவிடியில் இல்லாத பாட்டு ஒன்றைச் சொல்லுங்கள்" என்றால் பத்து விடை வரும், மண்டபத்தில் சண்டை வரும். கண்ணால் பார்க்கக்கூடியதைக் கேளுங்கள்: கையில் என்ன இருந்தது, யார் முதலில் விழுந்தார், திரைக்குப் பின்னால் யார் நின்றார். பாட்டு வரிகளை அப்படியே எழுதிக் கேட்க வேண்டாம். ஃபாஸியின் சிலேடைகளையும் தவிர்த்துவிடுங்கள், தமிழில் கேட்டால் சிரிப்பு வராது, கேள்வியும் நிற்காது.

எழுதி முடித்ததும் நிகழ்ச்சியே பார்க்காத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். கேள்வி என்ன கேட்கிறது என்று அவருக்குப் புரிந்தால் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். என் சோதனை ஆள் ஒட்டுக்கடையில் பசியாற வரும் அண்ணன் ஒருவர். "என்ன கேக்குறேன்னே தெரியலையே தம்பி" என்று அவர் சொன்னால் மறுபேச்சில்லாமல் மாற்றி எழுதிவிடுவேன்.

இன்னொன்று. காட்சித் துண்டுகளை வெட்டி எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள். நிகழ்ச்சிக்கு உரிமையாளர் இருக்கிறார். நாம் பகிர்வது நாம் எழுதிய கேள்வியையும் குறிப்பையும் மட்டும்தான்.

முதல் வாரத்துக்கு என்ன செய்யலாம்?

முதல் சீசனில் ஜூலியட் பிரவுஸ் வந்த எபிசோடை எடுங்கள். "மனா மனா" பாட்டு வருவது அதில்தான், குழந்தைகள்கூட விரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பாட்டை 1969இலேயே ஹென்சன் குழு வேறு நிகழ்ச்சிகளில் செய்திருந்தது என்பதால், "முதன்முதலாக மப்பெட் ஷோவில் வந்த பாட்டு" என்று எழுதும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கிடைக்கிற பிரதியின் அட்டையை எழுதுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை, விடைபெறும் காட்சியை நிறுத்தி நிறுத்தி ஒரு முறை. தையல் ஒன்றும் தெரியவில்லை என்றால் அதையும் அட்டையில் எழுதுங்கள், "முறிவு இல்லை" என்பதும் எங்களுக்குத் தேவையான தகவல்தான். ஓடும் நேரத்தை நிமிடம், வினாடி இரண்டிலும் குறித்து, அட்டையைச் சனிக்கிழமை கொண்டுவாருங்கள். வேறு பிரதி வைத்திருப்பவர் அன்றைக்கே தன் அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைப்பார்.